கழிவிலிருந்து பொருள் தயாரித்து விற்கும் தொழிலில் உண்மையிலேயே லாபம் உண்டா?

மூலப்பொருள் இலவசமாகக் கிடைக்கும் என்பதால் கழிவை வைத்துப் பசுமைத் தொழில் ஒன்று தொடங்க எண்ணுவதாகவும், அதற்காகக் கடன் வாங்கலாமா, பார்க்கும் வேலையை விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, மைத்துனருடன் சேர்ந்து தென்னை நார்த்தூள் கட்டிகள் தயாரித்து வருகிறேன். எனக்குப் பழக்கமான இந்த ஒரு கழிவை வைத்தே பதில் சொல்கிறேன்.

தேங்காய் மட்டையை மில்லில் அடித்தால் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் நாராக வரும், மீதியெல்லாம் தூள். மில்காரர்கள் அதைப் 'பித்' என்பார்கள், நர்சரியில் அதுவே 'கோகோபீட்', எங்கள் ஊர் மலையாளிகளுக்கு 'சகிரிச்சோறு'. ஒரு காலத்தில் பொள்ளாச்சிப் பக்கம் சாலையோரங்களில் மலைபோல் குவிந்து கிடந்து, கோடையில் தானாகவே புகைந்துகொண்டிருந்த இந்தத் தூள், மண்ணில்லாமல் செடி வளர்ப்பவர்கள் வெளிநாடுகளில் கேட்கத் தொடங்கிய பிறகு சரக்காகிவிட்டது. நாங்கள் முதல் டிராக்டர் லோடை அள்ளியபோது, இடம் காலியானால் போதும் என்று சொன்ன மில்காரர், மூன்றாவது லோடுக்குப் போனபோது கணக்கு நோட்டை எடுத்து வைத்திருந்தார். ஆகவே மூலப்பொருளுக்குச் சுழியம் போட்டுத் திட்ட அறிக்கை எழுதாதீர்கள். 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயும், கேரளத் தென்னைகளை வெகுகாலமாக வாட்டிவரும் வேர்வாடல் நோயும் காய்ப்பைக் குறைக்கும்போதெல்லாம் மட்டையும் குறைகிறது. மட்டை குறைந்தால் தூளின் விலை ஏறுகிறது. நீங்கள் எந்தக் கழிவை எடுத்தாலும், அது வேறொருவருடைய விளைச்சலின் வால் என்பதால், அந்த விளைச்சலுக்கு வரும் நோய்நொடியெல்லாம் உங்களுக்கும் வரும்.

அதைவிட முக்கியமானது தரம். முதல் ஆண்டில் நாங்கள் தூளைச் சலித்து, காயவைத்து, வாடகை இயந்திரத்தில் அழுத்தி, அழகான உறையில் போட்டு விற்றோம். எர்ணாகுளத்தில் மாடித்தோட்டம் வைத்திருந்த ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்து, வெண்டை நாற்றின் இலை ஓரமெல்லாம் தீய்ந்தாற்போல் கருகிவிட்டது என்றார். தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் உப்பாக இருப்பதையும், கழுவாத தூளில் இளஞ்செடி தாங்காது என்பதையும் அன்றுதான் கற்றோம். உப்பைக் காட்டும் ஈசி (மின்கடத்துத்திறன்) மீட்டர் ஒன்று வாங்கி அதே சரக்கைக் கரைத்துப் பார்த்தால், 0.5-க்குக் கீழே நிற்க வேண்டிய எண் 3-ஐத் தாண்டி நின்றது. அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கடைகளில் கிடந்த சரக்கையும் திரும்ப எடுத்துக்கொண்டோம்.

பிறகு கழுவத் தொடங்கினோம். இங்குதான் 'பசுமை' என்ற சொல் எனக்கு உறுத்தத் தொடங்கியது. கழுவிய நீர் கட்டங்காப்பி நிறத்தில் ஓடும். சில வாரங்களில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து களத்துத் திண்ணையில் வைத்து, "எங்க கிணத்துத் தண்ணி டீத்தண்ணியாட்டம் வருது கண்ணு, நீயே பாரு" என்றார். சண்டை போட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. எங்கள் ஊர் இருக்கும் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி கேரளம் என்ற பெயருக்கே பொருந்தாத வறண்ட பூமி. ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று இரண்டு மாநிலமும் பேசிக்கொண்டிருக்கும் ஊரில், கிணற்றைக் கெடுத்துவிட்டு உறையில் பச்சை இலை அச்சடிப்பது எந்த ஊர் நியாயம்?

இப்போது சிமெண்டுக் களத்திலேயே கழுவி, வடியும் நீரைத் தார்ப்பாய் விரித்த தொட்டிகளில் தேக்குகிறோம். மூன்று முறை கழுவ வேண்டும். ஒரு சரக்கின் மூன்றாம் கழுவு நீர் ஓரளவு தெளிவாக இருப்பதால் அதையே அடுத்த சரக்கின் முதல் கழுவுக்குப் பயன்படுத்துகிறோம். இதனால் வாங்கும் தண்ணீர் கணிசமாகக் குறைந்தது. முதல் கழுவின் கறுப்புநீரை மட்டும் வெயிலில் வற்றவிடுகிறோம். தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் இத்தகைய ஆலைகளை மாசு இல்லாதவை எனக் கருதப்படும் வெள்ளை வகையிலிருந்து, நடுத்தர மாசு உண்டாக்குபவை எனக் கருதப்படும் ஆரஞ்சு வகைக்கு மாற்றியபோது எல்லைக்கு அப்பால் பெரும் எதிர்ப்பு எழுந்தது; சிறு மில்களின் சிரமம் எனக்குப் புரிந்தாலும், அந்தச் சொம்புத் தண்ணீரைப் பார்த்த பிறகு எதிர்ப்பில் சேர மனம் வரவில்லை.

விற்பனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து கிலோ கட்டியை நனைத்தால் ஏறத்தாழ 70 லிட்டர் தூளாக விரியும். ஆனால் ஐந்து கிலோவைக் கூரியரில் அனுப்பும் கூலி பல ஊர்களுக்குச் சரக்கின் விலையைத் தாண்டிவிடும். அதனால் திருச்சூருக்குள் இருக்கும் நர்சரிகளுக்கு நேரே வண்டியில் கொண்டுபோய்ப் போடுகிறோம். உறையில் நிகர எடை, அதிகபட்ச விலை, முகவரி எல்லாம் சட்டப்படி இருக்க வேண்டும். ஈரம் மிச்சமிருக்கும் கட்டி கடையில் இருந்தபடியே உலர்ந்து எடை குறையும். ஆய்வாளர் தராசில் வைத்தால் பதில் சொல்ல முடியாது. அதனால் நன்கு காய்ந்த பிறகே அழுத்துங்கள். கண்காட்சிக்கென்று கழிவில் விளக்கு, பொம்மை என்று செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருமுறை வாங்கியவர் மறுமாதம் மறுபடி வாங்குகிற பொருளாகத் தேடுங்கள்.

கடனைப் பொறுத்தவரை, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கான திட்டச் செலவின் உச்சவரம்பு 2022-இல் 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 விழுக்காடும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடும் மானியம். ஆனால் அந்த மானியம் கைக்கு வராது. மூன்றாண்டுகள் வங்கியிலேயே வைப்பாகக் கிடந்து பிறகுதான் கடனில் கழியும். நடைமுறை மூலதனத்துக்கு அதை நம்பினால் முதல் மழைக்காலத்திலேயே திணறிவிடுவீர்கள்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டீர்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது களத்தில் தூளை விரித்தால் பாதி அடுத்த வீட்டுக் கூரையில் கிடக்கும்; மழையும் சேர்ந்தால் கறுப்புநீர்த் தொட்டி வழியும். அதனால் அந்த மூன்று மாதமும் இன்றுவரை களம் காலியாகத்தான் இருக்கிறது. மைத்துனர் டிராக்டரை எடுத்துக்கொண்டு உழவுக்குப் போய்விடுவார், நான் பழைய கணக்கு வேலைக்கு.