சும்மா இருப்பது

கேள்வி: 2000-லிருந்து விண்வெளியில் யாராவது இருந்துகொண்டே இருக்கிறார்களாம். நிலாவில் இறங்கினால் சாதனை. சும்மா மேலே இருப்பதில் என்ன சாதனை? (வாசகர், காரைக்குடி)

பதில்: உங்கள் 'சும்மா'வை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு ஆறு மாதம் வெளியூரில் இருந்து திரும்பியவர்களைக் கேளுங்கள். குழாய் துருப்பிடித்திருக்கும், நிலைக்கதவில் கறையான் ஏறியிருக்கும். யாரும் எதையும் உடைக்கவில்லை. ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மேலேயும் அப்படித்தான். 1984 ஏப்ரலில் நம் ராகேஷ் சர்மா தங்கிவிட்டு வந்த சல்யூட்-7 என்ற சோவியத் விண்வெளி நிலையம், மறு வருஷம் பிப்ரவரியில், ஆளில்லாமல் கிடந்த நேரத்தில், பேச்சுமூச்சில்லாமல் போனது. ஜூனில் சோவியத் விண்வெளி வீரர்கள் ஜானிபெக்கோவும் சவினிக்கும் கைப்பட ஓட்டிக்கொண்டுபோய்க் கலத்தை இணைத்தார்கள். கதவைத் திறந்தால் உள்ளே இருட்டு, உறைபனி. தண்ணீரெல்லாம் கட்டியாகிக் கிடந்தது. கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, சூரியத் தகடுகளின் கம்பிகளை பேட்டரிகளில் நேராகக் கட்டி அதற்கு உயிர் கொடுத்தார்கள். பேட்டரிக்கு சார்ஜ் ஏறவிடாமல் ஒரு சென்சார் கெட்டிருந்தது. உள்ளே ஆள் இருந்திருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதனால்தான் 2000 நவம்பர் 2 எனக்குப் பெரிய நாள். ஷெப்பர்ட், கிட்சென்கோ, கிரிகல்யோவ் மூவரும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் நுழைந்தார்கள். முதல் நாள் வேலை என்ன தெரியுமா? சாப்பாடு சூடாக்கும் கருவியைப் போட்டுவிட்டார்கள், கழிப்பறையை இயங்கவைத்தார்கள். புதுவீட்டில் பால் காய்ச்சுவதுபோல.

இது என் பழைய சண்டை. ஏரி வெட்டியவருக்குக் கல்வெட்டு வைக்கிறோம். ராத்திரியில் லாந்தரோடு மடை பார்க்கப் போகும் நீர்க்கட்டியின் பெயர் பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தெரியாது. திறப்பு விழாவுக்கு வரும் கூட்டத்தில் பாதி தூர் வார வந்திருந்தால் எத்தனையோ ஏரிகள் பிழைத்திருக்கும். இதை எழுதி எழுதி எனக்கு அலுக்கவே இல்லை.

சரி, நிலையத்துக்கு வருவோம். 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். மற்ற விண்ணோடங்கள் நிறுத்தப்பட்டன. மேலே தண்ணீரும் சாமானும் கொண்டுபோக ரஷ்யக் கலங்களே கதி. அப்போதும் வீட்டைப் பூட்டவில்லை. மூன்று பேர் இருந்த இடத்தில் மலென்சென்கோ, எட் லூ என்று இரண்டே பேர் போய் இருந்தார்கள். அந்த ஆகஸ்டில் மலென்சென்கோவுக்கு அங்கிருந்தபடியே கல்யாணம். பெண் டெக்சாஸில். மாப்பிள்ளைத் தோழன் எட் லூ. கல்யாண வாத்தியமும் அவரே, கீபோர்டில்.