பாரூஸ்: கல்வெட்டும் கற்பூரமும்

அன்புள்ள ஐயா,

சுமத்ராவில் பாரூஸ் என்ற ஊரில் தமிழ்க் கல்வெட்டு இருப்பதாக வாட்ஸாப்பில் ஒரு செய்தி வந்தது. சோழர் ஆண்ட ஊராம், தமிழர் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்களாம். எவ்வளவு உண்மை?

கா.ரா., மன்னார்குடி

அன்புள்ள கா.ரா.,

கல்வெட்டு உண்மை. ஆனால் அது இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாரூஸை ஒட்டிய லோபு துவாவில் 1873-இல் கிடைத்தது.

பாரூஸ் வடக்கு சுமத்ராவின் மேற்குக் கரையில், மத்திய தபனூலி மாவட்டத்தில் உள்ள சின்ன வட்டாரம். முன்னால் இந்துமாக்கடல், பின்னால் பாதாக் மலைக்காடு. கரையோர மலாய்க்காரர், மினாங்கபாவ், பாதாக் மக்கள் எல்லாம் கலந்த ஊர்.

கல்வெட்டின் ஆண்டு சக ஆண்டுக் கணக்கில் 1010, அதாவது கி.பி. 1088. அதில் எந்தச் சோழ மன்னன் பெயரும் இல்லை. பேசுவது திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. ஊரை வரோசு என்கிறது. வந்து சேரும் மரக்கல நாயகன் கஸ்தூரி விலையைக் கணக்கிட்டுப் பொன்னாகக் கட்டணம் செலுத்திவிட்டுத்தான் பாவாடையில் கால் வைக்கலாம். (விரித்த துணி. வேறு எதையும் கற்பனை செய்ய வேண்டாம்.) சுருக்கமாகச் சொன்னால், வணிகர் சங்கத்துத் தீர்மானம். ராஜேந்திர சோழன் இந்தப் பக்கம் படையெடுத்தது 1025-இல், கல்வெட்டுக்கு அறுபது ஆண்டுக்கு மேல் முன்னால்; கல்வெட்டைப் படித்துவிட்டு 'ஆண்டோம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வணிகர்களை இழுத்தது கற்பூரம். பின்னாலிருக்கும் காட்டு மரங்களைப் பிளந்தால் உள்ளே பளிங்குபோல் படிந்திருக்கும். எல்லா மரத்திலும் இருக்காது. எந்த மரத்தில் இருக்கும் என்று பார்த்து, வெட்டி, கரைக்குக் கொண்டுவந்தவர்கள் மலை மக்கள். நம் செய்திகளில் அவர்கள் மட்டும் வருவதே இல்லை. பிரெஞ்சு, இந்தோனேசிய அகழாய்வாளர்கள் லோபு துவாவில் தோண்டியபோது சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் கிடைத்தன. ஒன்பதாம் நூற்றாண்டு நடுவிலிருந்து பதினோராம் நூற்றாண்டுக் கடைசி வரை அது எல்லோரும் வந்துபோன சந்தை.

அப்புறம் வழித்தோன்றல்கள். உள்நாட்டில், காரோ மலைப்பகுதியில், செம்பிரிங் என்ற குலம் உண்டு. அதன் கிளைப்பெயர்களில் சோலியா, பாண்டியா, பெலாவி எல்லாம் வருகின்றன. கேட்டதும் நமக்குச் சிலிர்க்கும். தென்னிந்தியத் தொடர்பு இருந்திருக்கும் என்றுதான் ஆய்வாளர்களும் நினைக்கிறார்கள். ஆனால் அவர்கள் இன்று பேசுவது காரோ மொழி, தங்களைச் சொல்லிக்கொள்வது காரோ என்று.

சரி, பாரூஸ் பெயர் என்ன ஆயிற்று? இன்று இந்தோனேசியக் கடையில் 'காப்பூர் பாரூஸ்', அதாவது பாரூஸ் கற்பூரம், கேளுங்கள். அந்துருண்டை எடுத்துத் தருவார்கள்.