பட்டிக் கேள்விகள்: குதிரைக்கு இலத்தி, மாட்டுக்கு இரைப்பைச் சாறு

கேள்வி: குதிரைக்குக் கழிச்சல் நிற்காவிட்டால், இன்னொரு குதிரையின் இலத்தியைக் கரைத்து வயிற்றுக்குள் விடுவார்களாமே? மெய்யான வைத்தியமா?
– வாசகி, சீனக்குடா

மெய்தான். குதிரை தின்ற புல்லின் நார் செரிப்பது பின்குடலில். வளர்ந்த குதிரையின் குருட்டுக்குடல் மட்டும் ஏறக்குறைய 30 லீற்றர் கொள்ளும். அங்குள்ள பற்றீரியாக்கள் நாரைப் புளிக்கவைத்துத் தரும் கொழுப்பமிலங்களே குதிரைக்குப் பெரும் பலம். அன்டிபயோட்டிக் கொடுக்கும்போது சிலவேளை இந்தக் கூட்டமும் சேர்ந்து அழிகிறது. வெறுமையான இடத்தில் குளொஸ்ட்ரிடியம், சல்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் பெருகினால் குடல் அழன்று தண்ணீராகப் போகும். நல்ல கூட்டத்தைத் திரும்பக் குடியேற்றுவதுதான் இந்த வைத்தியத்தின் நோக்கம். பிறந்த குட்டிகள் தாயின் இலத்தியைத் தின்பதும் இப்படியொரு குடியேற்றமே. அதைத் தடுக்க வேண்டாம்.

இலத்தி தரும் குதிரை நோயற்றதாகவும், அண்மைய மாதங்களில் அன்டிபயோட்டிக் எடுக்காததாகவும் இருக்க வேண்டும். சல்மொனெல்லாவும் புழு முட்டையும் இல்லையென்று ஆய்வுகூடம் சொல்ல வேண்டும். போட்டவுடன் எடுத்த இலத்தி 1 முதல் 1.5 கிலோவை 2, 3 லீற்றர் இளஞ்சூட்டு நீரில் கையால் கரைத்து, வலைத்துணியில் வடிக்கிறார்கள். மிக்சியில் அடிப்பது கூடாது: இந்தப் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை காற்றுப் பட்டாலே சாகும். இரைப்பை அமிலத்தில் மடியாதிருக்க ஒமெப்ரசோல் முன்கூட்டியே கொடுப்பதுண்டு. பிறகு மூக்குவழிக் குழாயால் இரைப்பைக்குள் விட்டு, பெரும்பாலும் 3 நாள் தொடர்கிறார்கள்.

குழாய் வேலையை மிருக வைத்தியரே செய்ய வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையில் ஏற்கெனவே நீர் தேங்கியிருக்க, மேலும் ஊற்றினால் அது வெடித்துவிடும். குழாய் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் உயிர் போகும். பலனும் குதிரைக்குக் குதிரை வேறுபடுகிறது. கழிச்சல் கண்ட குதிரையை முதலில் காப்பாற்றுவது சேலைனும் உப்புகளும்தான். இலத்தி அதற்குத் துணை வைத்தியம்.

கேள்வி: போன போகத்தில் களத்து நெல்லை மூக்குமுட்டத் தின்ற எங்கள் பசு செத்துப்போனது. சாணியைக் கரைத்துப் பருக்கியிருந்தால் பிழைத்திருக்குமா? தயிர் கொடுக்கலாமா?
– வாசகர், தம்பலகாமம்

சாணியால் பிழைத்திராது. மாட்டின் புளிப்புத் தொட்டி முன்னால், அசையிரைப்பையில் இருக்கிறது. அங்கிருக்க வேண்டிய உயிர்கள் சாணியில் போதிய அளவு இல்லை. தயிரும் வேண்டாம். தானிய மாப்பொருளில் லக்டிக் அமிலப் பற்றீரியாக்கள் வெறிகொண்டு பெருகியதுதான் நோயே. 6க்கும் 7க்கும் இடையில் இருக்க வேண்டிய பீஎச் (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5க்கும் கீழே இறங்கி, நாரைச் செரிக்கும் உயிர்கள் மடிகின்றன. இரத்தத்திலிருந்த நீரும் இரைப்பைக்குள் இழுபடுவதால் மாடு கண் குழிந்து, தள்ளாடி, விழுகிறது.

அதிகம் தின்றதென்று தெரிந்தவுடனே, மாடு நன்றாக நின்றாலும், மிருக வைத்தியரை அழையுங்கள். மிச்சத் தானியத்தை அகற்றி வைக்கோல் மட்டும் போடுங்கள். முதல் நாள் தண்ணீரை அளவோடு காட்டுங்கள். அமிலத்தை முறிக்க, 450 கிலோ மாட்டுக்கு 500 கிராம் மக்னீசியம் ஹைட்ரொக்சைட்டை 10 லீற்றர் வெந்நீரில் கலந்து குழாயால் விடுவார்கள். நம் நாட்டுப் பசுவுக்கு எடைக்கேற்பக் குறையும். முற்றிய நிலையில் இரைப்பையைக் கழுவவோ திறக்கவோ நேரும்.

மாட்டுக்குச் சாணிக்குப் பதில் உதவுவது, நோயற்ற மாட்டின் அசையிரைப்பைச் சாற்றை எடுத்து விடுவது. அதுவும் அமிலத்தை முறித்த பிறகுதான். புளிப்பு இறங்காத இரைப்பைக்குள் விட்டால் புதிதாய்ப் போனவையும் சாகும். மடுவத்தில், புல் மேய்ந்த நோயற்ற மாட்டின் அசையிரைப்பையைத் திறந்தவுடன் உள்ளிருப்பதைத் துணியில் பிழிந்து, சுடுநீர்ப் போத்தலில் காற்றிடம் விடாமல் விளிம்புவரை நிரப்புங்கள். 39 பாகை சூடு தணியுமுன் சேர்ப்பது நல்லது. நல்ல சாறு பச்சை கலந்த பழுப்பாக இருக்கும். நுணுக்குக்காட்டியில் ஒரு துளி வைத்தால் புரொட்டோசோவா என்னும் ஒற்றைக்கல உயிர்கள் ஓடித்திரிவது தெரியும். பால்போல் வெளுத்துப் புளித்து மணந்தால் மாட்டுக்குக் கொடுக்காமல் வெளியே கொட்டிவிடுங்கள். பெரிய மாட்டுக்கு 8 முதல் 16 லீற்றர், நாட்டு மாட்டுக்கு 3 லீற்றருக்குக் குறையாமல், ஆட்டுக்கு 1 லீற்றர்.

போத்தலால் எதைப் பருக்கினாலும் மாட்டை அண்ணாந்து பிடிக்காதீர்கள். மூக்கு கண்ணின் உயரத்தைத் தாண்டக் கூடாது, நாக்கை இழுக்கக் கூடாது, இருமினால் உடனே தலையை விடுங்கள். நுரையீரலுக்குள் போன மருந்தால் சாகும் மாடுகளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

கேள்வி: கோணேசர் கோயிலடி மான்களுக்குப் பாண் போடலாமா?
– மாணவி, உவர்மலை

போடாதே, பிள்ளை. புள்ளிமானும் அசைபோடும் விலங்கு. ஆளுக்கு ஒரு துண்டு என்று நாள் முழுக்கப் போட்டால், நெல் தின்ற பசுவுக்கு வந்ததே இதற்கும் வரும். பாண் சுற்றிவந்த பொலித்தீனையும் அங்கே விட்டுவராதே. உப்புச்சுவைக்கு அதையும் விழுங்கிவிடும், இரைப்பையிலிருந்து அது வெளியேறாது.