பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு அகாடமி மருந்தாகுமா?

14 வயது மகள் வாலிபால் அணியில் இருக்கிறாள், ஆனால் ஆட இறக்குவதே இல்லை. உயரம் போதாது என்று பயிற்சியாளர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, பிள்ளை நாளுக்கு நாள் வாடிப்போகிறாள் என்று ஒரு அப்பா எழுதியிருக்கிறார். கடன் வாங்கியாவது பேர்பெற்ற அகாடமியில் சேர்த்துவிடு என்று சித்தப்பா நெருக்குகிறாராம்.

உங்கள் கவலை புரிகிறது சார். ஆனால் அந்த அகாடமி வேண்டாம். இங்கேயே கண்ணில் படாத பெண், அவளைவிட உயரமானவர்கள் கூட்டத்தில் எப்படிப் படுவாள்? 'என்னால் முடியும்' என்ற எண்ணம் அடுத்தவர் தட்டிக்கொடுப்பதைவிட, தானே செய்து முடித்த அனுபவத்தால்தான் வலுவாக வளரும் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே எழுதிவிட்டார். பெஞ்சில் அந்த அனுபவம் கிடைக்காது, அது எவ்வளவு பெரிய அகாடமியின் பெஞ்சாக இருந்தாலும்.

'எம்பிக் குதித்துப் பந்தை ஓங்கி ஸ்பைக் அடிக்கச் சொன்னால் ஆர்வமில்லை, விழுந்து புரண்டு பந்தை எடுக்கத்தான் ஓடுகிறாள்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது குறை. எனக்கு உங்கள் கடிதத்திலேயே உருப்படியான தகவல் அதுதான். அவள் லிபரோவாக ஆடிப் பார்க்கட்டும்.

சர்வதேச வாலிபால் சம்மேளனம் 1998-ல் கொண்டுவந்த இடம் இது. அணியில் வேறு நிற ஜெர்சி போட்டிருப்பவர்தான் லிபரோ. பின்வரிசையில் மட்டும் ஆடுவார். எதிரணி அடிக்கும் பந்தை வலையருகே எம்பித் தடுக்க, அதாவது பிளாக் செய்ய, முயற்சிக்கவே கூடாது. வலையின் மேல்விளிம்பைவிட உயரத்தில் இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அடித்து அனுப்பவும் கூடாது. உயரம் எங்கெல்லாம் கைகொடுக்குமோ, அங்கெல்லாம் இவருக்கு வேலையே இல்லை! உயரமான பிளாக்கர் பின்வரிசைக்கு வரும்போது அவருக்குப் பதிலாக உள்ளே போவார். அது வழக்கமான மாற்று ஆட்டக்காரர் கணக்கில் சேராது. எதிரணி சர்வ் பாய்ந்து வரும்போது முழங்காலை மடக்கி, முன்கைகளை ஒட்டிப் பலகைபோல் நீட்டி, பந்தை, ஸ்பைக் அடிப்பவருக்குத் தூக்கிக் கொடுக்கும் செட்டரின் கைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். இதுதான் பாஸ். அது பிசகினால் ஆறடி ஸ்பைக்கர் இருந்தும் பயனில்லை.

பயிற்சியாளர் கண்ணில் படும் வழியும் இதிலேயே இருக்கிறது. பாஸுக்கு மதிப்பெண் போடும் முறை பல அணிகளில் உண்டு. செட்டர் யாருக்கு வேண்டுமானாலும் தூக்கிக் கொடுக்க வசதியாகப் பந்து போனால் 3. கொஞ்சம் நகரவைத்தால் 2. அவசரத்துக்கு ஒரு பக்கம் தூக்கிவிட மட்டும் முடிந்தால் 1. எதிரணிக்கு நேராகப் புள்ளி போனால் 0. தோழி ஒருத்தி இதை நோட்டில் குறித்துக் கொடுக்கட்டும். சில வாரம் கழித்து மகள் அந்த நோட்டோடு போய், 'சுழலாமல் அலைந்து வரும் ஃப்ளோட் சர்வ் என் வலதுபக்கம் வந்தால்தான் 1 விழுகிறது, காலை எங்கே வைக்கட்டும்?' என்று கேட்கட்டும். 'எனக்கு ஏன் வாய்ப்பில்லை?' என்று கேட்டால் எந்தப் பயிற்சியாளரும் மழுப்புவார். இந்தக் கேள்விக்கு, பெரும்பாலும் எழுந்து வந்து காட்டிக் கொடுப்பார்.

அவளே போய்க் கேட்க வேண்டும். நீங்கள் போனால் அவருக்கு உங்கள் முகம்தான் நினைவிருக்கும்.

அப்புறம் அவள் வளர்ந்துவிட்டால்? நன்றாகப் பாஸ் எடுப்பவரை எந்த இடத்திலும் ஆடவைக்கலாம். லிபரோ பிடிக்கவில்லை என்று அவளே சொன்னால் விட்டுவிடுங்கள், சித்தப்பா செய்கிற வேலையை நான் செய்யக் கூடாது. கடன் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். ஒவ்வொரு பாஸ் தவறும்போதும் வீட்டுத் தவணை அவள் நினைவுக்கு வரும். சித்தப்பாவிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.