பெயர் கேட்டு எடுத்த படம்

பயணப் புகைப்படம்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் படம் எடுக்கப் போகிறேன். முன்பின் தெரியாதவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டக் கூச்சமாக இருக்கிறது. தூரத்தில் நின்று ஜூம் லென்ஸில் எடுத்தால் அவர்கள் இயல்பாக இருப்பார்கள் என்று என் நண்பர் சொல்கிறார். அது சரியா?
– கல்லூரி மாணவி, பெருந்துறை

பதில்: அம்மணி, உங்கள் கூச்சம் நல்ல கூச்சம். அதை விட்டுவிடாதீர்கள். நண்பர் சொல்லும் வழியில் எனக்கு உடன்பாடில்லை. ஒளிந்து எடுத்த படம் எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். முன்னால் யாரோ ஒருவரின் முதுகு மறைத்திருக்கும். படத்தில் இருப்பவருக்கும் எடுத்தவருக்கும் நடுவே ஒரு பேச்சும் நடக்கவில்லை என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கண்ணபுரத்துக்கு விடியும் முன்பே போய்விடுங்கள். கேமரா பையிலேயே இருக்கட்டும். முதலில் மாடு பாருங்கள். காங்கேயம் இனக் கன்று செந்நிறமாகப் பிறந்து, ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். வளர்ந்த பொலிகாளைக்குத் திமிலும் முன்னங்கால் பக்கமும் கறுத்திருக்கும். மயிலை (சாம்பல் வெள்ளை) எது, செவலை (சிவப்பு) எது, காரி (கறுப்பு) எது என்று தெரிந்துகொண்டு போனால் போதும், பேச்சைத் தொடங்கிவிடலாம். "இது உங்கள் பட்டியிலேயே பிறந்ததுங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். மாடு வளர்ப்பவர் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால், தாய்ப்பசு, பருத்திக்கொட்டை, போன வருட வறட்சி என்று எல்லாம் வரும். பொறுமையாகக் கேளுங்கள். பிறகு, "மாட்டோடு உங்களையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா ஐயா?" என்று கேளுங்கள்.

வேண்டாம் என்று அவர் சொன்னால் அத்தோடு விட்டுவிட வேண்டும். விலைக்குக் கொண்டுவந்த காளைக்குக் கண்ணேறு பட்டுவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அவரோடு வாதாடாதீர்கள். மாடு அவருடையது, முகமும் அவருடையது.

சரி என்று சொன்னால் உடனே தலைப்பாகையைச் சரிசெய்து, வேட்டியை இறக்கிவிட்டு, திமில்மேல் கை வைத்து விறைப்பாக நிற்பார். இன்றைய இளம் புகைப்படக்காரர்களுக்கு இந்த நிலை பிடிப்பதில்லை. எனக்கு மிகவும் பிடிக்கும். தாராபுரத்தில் நான் ஸ்டுடியோ நடத்திய காலத்தில், வாசலிலேயே காளையைப் பிடித்துக்கொண்டு நின்று இப்படித்தான் எடுக்கச் சொல்வார்கள். தன் பேரப்பிள்ளைகள் தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் நினைக்கிறாரோ, அப்படி நிற்கிறார். அந்தப் படத்தை முழு மனதோடு எடுங்கள். எடுத்த கையோடு ஓடிவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். சற்று நேரத்தில் அவர் உங்களை மறந்து கயிற்றை இழுத்துக் கட்டுவார், ஈ ஓட்டுவார், தரகரோடு பேசுவார். உங்கள் நண்பர் தேடும் இயல்பு அப்போது தானாகவே வரும்.

தரகர்கள் துண்டுக்குள் கைகோத்து விரல்களாலேயே விலை பேசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த நேரத்தில் இருவர் முகத்திலும் ஓடும் கணக்கைவிட நல்ல படம் சந்தையில் கிடைக்காது. ஆனால் அருகில் போய் நின்று பேரத்தைக் கெடுக்காதீர்கள். முன்பே இருவரிடமும் சொல்லிவைத்துவிட்டு, 85 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் நான்கு எட்டு தள்ளி நின்று எடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், மாடு மிரளும். மாட்டின் பின்னால் நிற்காதீர்கள். அதன் கண்ணுக்குத் தெரியும்படி தோள் பக்கமாக நில்லுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி இரண்டு செய்திகள். கேமராவின் ஒளி அளவி எல்லாவற்றையும் நடுத்தர சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். படச்சட்டம் முழுக்க வெள்ளைப் பசு நிறைந்தால் அது அழுக்காகத் தெரியும். அதற்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). காரிக் காளைக்கு அதே அளவு குறையுங்கள். வெயில் ஏறிய பிறகு தலைப்பாகைக்குக் கீழே கண்கள் இருண்டுபோகும். அப்போது அவரை மர நிழலின் விளிம்புக்கு அழைத்து வாருங்கள். வெயில் பட்ட செம்மண் கீழிருந்து முகத்துக்கு இளஞ்சூடான ஒளியைத் திருப்பிக் கொடுக்கும். எங்கள் பக்கத்துக் கறுத்த முகங்களுக்கு அந்த ஒளிபோல் எடுப்பானது வேறில்லை.

கடைசியாக, பெயர். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் கூடாரத்தில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே ஒரு தாயைக் குழந்தைகளோடு படம் எடுத்தார். உலகமே அறிந்த படம் அது. லாங்கே அவருடைய பெயரைக் கேட்கவில்லை. அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று வெளியே தெரிந்தது 1978ல்தான். அதற்குள் லாங்கே இறந்தே போயிருந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை, ஒரு பிரதி அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவே இல்லை என்று அந்தத் தாய் மனம் வருந்திச் சொன்னார். அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். அவருடைய வருத்தம் அதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். ஆகவே ஒரு சிறு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரிடமும் பெயரும் ஊரும் கேட்டு எழுதுங்கள். எழுதும்போது அவர் பார்க்கட்டும்.

கேள்வி: உதகை, மூணாறு என்று போனால் இயற்கைக் காட்சி தானாக அமைகிறது. எங்கள் வெள்ளகோவில், மூலனூர் பக்கம் வெறும் பொட்டல். இங்கே எதைப் படம் எடுப்பது?
– வங்கி ஊழியர், வெள்ளகோவில்

பதில்: பொட்டல் என்று நீங்கள் சொல்வது கொரங்காடு. நான் பிறந்து வளர்ந்த நிலம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கிளுவை முள்வேலி அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல் வளரவிட்டு, நடுவே வெள்வேல மரங்கள் நிற்கும் மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாடு உருவானதே இந்தப் புல்லில்தான். மலைப் படத்தில் மலை தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். கொரங்காட்டில் கோடுகளைத் தேடி எடுக்க வேண்டும். மேட்டில் ஏறி நின்றால் கிளுவை வேலிகள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு அடிவானம் வரை போவது தெரியும். காலைச் சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போது ஒவ்வொரு வேலிக்கும் ஒரு நிழல் விழும். லென்ஸின் துளை அளவை எஃப்/8 அல்லது எஃப்/11 வைத்து, வேலி ஒன்று படச்சட்டத்தின் கீழ் மூலையில் தொடங்கி உள்ளே போகும்படி நின்று பாருங்கள்.

கோடையில் கிளுவை இலை உதிர்த்து நரம்பாக நிற்கும். ஒரு மழை விழுந்தால் பச்சை பிடித்துவிடும். ஒரே இடத்தை இரண்டு பருவத்திலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வேற்றூர்க்காரர் நம்ப மாட்டார்.

அடுத்தது காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் காற்று அந்த வழியாகத்தான் நம் நிலத்துக்குள் பாய்கிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஆடியில் மேகம் மழை தராமல் ஓடிக்கொண்டே இருக்கும். மேக நிழல் ஒரு காட்டை இருட்டாக்கி, அடுத்த காட்டில் வெயிலை இறக்கிவிட்டுப் போகும். அந்த வெயில் ஒரு பனைமரத்தின் மீதோ ஒரு சாளையின் (தோட்டத்து வீட்டின்) ஓட்டுக்கூரை மீதோ விழும்வரை காத்திருங்கள். இலையும் புல்லும் காற்றில் கலங்காமல் இருக்க ஷட்டர் வேகம் 1/500 விநாடி வேண்டும். காற்றாலை இறக்கை சுழல்வது தெரிய வேண்டுமானால் மாலையில் முக்காலி வைத்து 1/8 விநாடி வரை இறக்கிப் பாருங்கள். பலமான காற்றில் முக்காலியின் நடுக்கம்பியில் கேமரா பையைத் தொங்கவிட்டால் ஆடாது.

மலை வேண்டும் என்று மனம் கேட்டால் நம் மண்ணிலிருந்தே எடுக்கலாம். மலைத்தொடர் நமக்கு மேற்கிலும் தெற்கிலும் இருக்கிறது. ஆகவே கோவை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து பார்க்கும்போது காலை வெயில் மலையின் முகத்தில் விழும், மடிப்பு மடிப்பாகத் தெரியும். மாலையில் மலை கரிய கோடாகிவிடும். இது தெரியாமல் பலர் மாலையிலேயே போய் நிற்கிறார்கள். ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் தூசு அடங்கியிருக்கும். அன்று 200 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால், தென்னந்தோப்பின் தலைக்கு மேலேயே மலை எழுந்து நிற்பது போலத் தோன்றும்.

கேள்வி: என்னிடம் மொபைல் போன் மட்டுமே இருக்கிறது. போதுமா?
– இல்லத்தரசி, கரூர்

பதில்: போதும். 6 அங்குலத்துக்கு 8 அங்குலப் பிரதி தெளிவாக வர 1800க்கு 2400 புள்ளிகள் இருந்தால் சரி. எல்லா நல்ல போனிலும் அதைவிட அதிகம் உண்டு. ஒன்று மட்டும் கவனியுங்கள்: முகத்துக்கு மிக அருகில் போய் அகல லென்ஸில் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும். இரண்டு எட்டு பின்னால் வந்து, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள்.

கேள்வி: பவானியில் ஜமக்காளம் நெய்பவர் வீட்டுக்குள் படம் எடுக்க அனுமதி கிடைத்தது. உள்ளே ஒரே இருட்டு. எடுத்த படங்களில் நிறம் எல்லாம் மாறிவிட்டது. என்ன செய்யலாம்?
– ஆசிரியர், அந்தியூர்

பதில்: டியூப்லைட் ஒரு நிறம், ஜன்னல் வெளிச்சம் வேறு நிறம். இரண்டும் கலந்ததால்தான் அப்படி ஆனது. நெசவாளரிடம் கேட்டு, அவர் ஓய்வெடுக்கும் நேரத்தில் மட்டும் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். தறி ஓடும்போது அணைக்கக் கூடாது. ஓர் இழை அறுந்தால் அவருக்குத்தான் நஷ்டம். ஜன்னல் ஒளி மட்டும் இருந்தால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 1600, 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். லேசான புள்ளிகள் தெரிந்தால் பாதகமில்லை. ஜமக்காளத்தின் சிவப்பும் பச்சையும் உண்மையாக வருவது முக்கியம்.

இன்னொன்று. அது குழித்தறி. நெய்பவர் கால்களைக் குழிக்குள் விட்டுத் தரை மட்டத்தில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் நின்றுகொண்டு எடுத்தால் அவரது உச்சந்தலைதான் தெரியும், பார்ப்பவருக்கும் அவரைக் கீழே பார்ப்பதுபோல் இருக்கும். பாயில் உட்காருங்கள், முடிந்தால் தரையோடு தரையாகச் சாய்ந்துகொள்ளுங்கள். அகலமான ஜமக்காளத்துக்கு இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து நாடாவை (ஊடு நூலைக் கொண்டுபோகும் கருவியை) கை மாற்றுவார்கள். அந்தக் கை மாற்றத்துக்கு 1/60 விநாடி வைத்தால் முகம் நிற்கும், நாடா மட்டும் ஓடும். அவர்களுக்கு ஜமக்காளம் பிழைப்பு. உங்களுக்காகத் தறி நின்ற நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு சீக்கிரம் எழுந்துவிடுங்கள்.

கேள்வி: திம்பம் மலைப்பாதையில் யானையைப் பார்த்தால் காரை நிறுத்தி எடுக்கலாமா?
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: கூடாது. 27 கொண்டை ஊசி வளைவுகளும் 2013ல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. வண்டியை நிறுத்துவதும் இறங்குவதும் குற்றம். யானைக்கும் அது ஆபத்து, பின்னால் வரும் லாரிக்கும் ஆபத்து. கண்ணால் பாருங்கள், போய்க்கொண்டே இருங்கள்.

கேள்வி: படத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று ஒவ்வொரு இதழிலும் எழுதுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆகாதா? சந்தையில் பார்த்தவரை மறுபடி எங்கே தேடுவது?
– இளைஞர், திருப்பூர்

பதில்: தம்பி, ஸ்டுடியோவில் என்னை வாட்டிய வேலை ஒன்று உண்டு. வீட்டில் பெரியவர் இறந்த மறுநாள் வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதில் இருக்கும் நகக்கண் அளவு முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரச் சொல்வார்கள். எழுபது வருடம் வாழ்ந்த அம்மிச்சிக்கு (பாட்டிக்கு) வேறு படமே இருக்காது. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, ஆனால் போன் உடைந்தால் படமும் போய்விடுகிறது. தாளில் இருந்தால் சுவரில் இருக்கும்.

தேடுவது கடினமில்லை. நோட்டில் பெயரும் ஊரும் இருக்கிறது அல்லவா? அந்த ஊர் டீக்கடையில் படத்தைக் காட்டினால் வீட்டுக்கே அழைத்துப் போவார்கள். மாட்டுக்காரர் என்றால் அடுத்த சித்திரையில் கண்ணபுரத்திலோ ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையிலோ கண்ணில் படவும் வாய்ப்புண்டு. பிள்ளைகள் படம் என்றால் பெற்றோர் கையில் கொடுங்கள். அவர்களைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள், ஊர், பள்ளிப் பெயரோடு போடவே கூடாது.

வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் முழு அளவில் போகும். தாளில் போடும்போது பளபளப்பு வேண்டாம், மேட் தாள் கேளுங்கள். கைரேகை அவ்வளவாகத் தெரியாது. பின்புறம் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மை அழியாத மார்க்கரால் ஓரமாக எழுதி, நன்றாகக் காய்ந்த பிறகு அடுக்குங்கள்.