நடந்து வருகிறவன்

அன்புள்ள அண்ணா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் காவேரிப்பட்டணம். ஆறு வருடமாக டெத் மெட்டல் என்கிற உறுமல் இசை மட்டும்தான் கேட்கிறேன். சீசன் இல்லாத மாதங்களில் காலியாகக் கிடக்கும் ஒரு மாங்காய் மண்டியில் நாங்கள் மூன்று பேர் வாசித்துப் பழகுகிறோம். இப்போது எங்களுக்குள் சண்டை. எனக்கு ஸ்வீடனின் என்டூம்ட் குழு 1993இல் போட்ட 'வுல்வரின் புளூஸ்' ஆல்பத்தின் பாணி, அதாவது டெத் அன் ரோல், பிடித்துப்போய்விட்டது. டிரம்மர், "டெத் மெட்டலில் பழைய ராக்கைக் கலந்த கலப்படம் அது, காசுக்காகச் செய்தது, பிளாஸ்ட் பீட், அந்த மின்னல்வேக டிரம்ஸ் அடி, இல்லையென்றால் நான் வரவில்லை" என்கிறான். அது கலப்படம்தானா? குழுவை உடைப்பதா, விட்டுக்கொடுப்பதா? அந்த ஆல்பம் மார்வெல் காமிக்ஸ் வுல்வரினைப் பற்றியதா? இந்த வகைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? கிதாரை உறுமவைக்கிற பாஸ் கம்பெனியின் எச்எம்-2 பெடல் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கட்டுமா?

வயதில் சின்னவன், நீ என்றே எழுதுங்கள்.

க.

*

அன்புள்ள க.,

சில்லறையை முதலில் எண்ணிக் கொடுத்துவிடுகிறேன். அந்த ஆல்பத்துக்கும் காமிக்ஸுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இசைக்கம்பெனி மார்வெலோடு ஒப்பந்தம் போட்டு, அந்த ஆளின் படத்தை அட்டையில் வைத்து ஒரு பதிப்பு விட்டது. குழுவைக் கேட்கவே இல்லை. தமிழ்ப்பெயர் வேண்டாம். பெயர் வைத்த மறுநாளே அதில் யார் சேர்த்தி, யார் சேர்த்தியில்லை என்று ஆரம்பிப்பீர்கள். இருக்கிற சண்டை போதும்.

ஆனால் 'கலப்படம்' என்று எழுதியிருக்கிறாயே, அது உன் டிரம்மர் சொன்னதாகவே இருக்கட்டும், அதை அப்படியே எனக்குத் தூக்கி அனுப்பியது நீதானே? பாலில் தண்ணீர் ஊற்றுவதற்குப் பெயர் கலப்படம். ராக் அன் ரோல் டெத் மெட்டலுக்குப் பாட்டன் முறை. பிளாக் சபாத், மோட்டார்ஹெட், வெனம் என்று பழைய குழுக்கள் வழியாகப் படியேறிப் போனால் அந்தத் திண்ணையில்தான் போய் நிற்பாய். பேரன் வீட்டுக்குப் பாட்டன் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் கலப்படமா?

காசுக்காக என்பதும் தப்பு. அந்த மாற்றத்தின் பின்னால் இருந்தவர் நிக்கே ஆண்டர்சன். அவர் 1994இலேயே ஹெல்லகாப்டர்ஸ் என்று தனியாக ஒரு ராக் குழு தொடங்கி, அதில் கிதாரை மாட்டிக்கொண்டு பாடினார். 1997இல் என்டூம்டை விட்டே போய்விட்டார். இங்கிலாந்தில் கார்கஸ் குழு இதே பக்கம் சாய்ந்து 1996இல் 'ஸ்வான்சாங்' வெளியிட்டபோது குழுவே கலைந்திருந்தது. கிதாரிஸ்ட் பில் ஸ்டீர் அப்புறம் ஃபயர்பேர்ட் என்ற குழுவில் புளூஸ் ராக் வாசிக்கப் போனார். இதெல்லாம் கல்லாப்பெட்டிக்காகச் செய்கிற காரியமா? ஆசை தம்பி, வெறும் ஆசை.

நிக்கே ஆண்டர்சன் என்டூம்டில் என்ன வாசித்தார் என்று உன் டிரம்மரிடம் கேள். டிரம்ஸ். இரண்டு மாதமாக நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயம் இதுதான். உன் கடிதம் வந்து அதன்மேல் விழுந்தது.

என்டூம்டின் முதல் ஆல்பம் 1990. ஸ்டாக்ஹோமில் சன்லைட் ஸ்டுடியோ, பதிவு செய்தவர் தோமாஸ் ஸ்கோக்ஸ்பெர்க். நீ கேட்கிற அதே எச்எம்-2 பெடலில் எல்லாத் திருகுகளையும் கடைசிவரை திருகிவைத்து எடுத்த சத்தம். வெளிநாட்டில் மரம் அறுக்கிற மெஷின் மாதிரி என்பார்கள். பர்கூர் பக்கம் கல் அறுக்கிற பட்டறை வாசலில் பத்து நிமிஷம் நின்றவனுக்கு வேறு உவமை தேவையில்லை. 1993இலும் அதே ஸ்டுடியோ, அதே உறுமல். பாடகர் பெட்ரோவ் தொண்டையும் அதேதான். மாறியது தாளம். பாட்டுகள் சுருங்கின, ஓட்டம் நடையாகிவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் கிதாரைக் கேட்டுவிட்டு டிரம்ஸுக்காகச் சண்டை போடுகிறீர்கள். அதுவும் நீ கைபேசி ஸ்பீக்கரில் கேட்டிருப்பாய். காலால் அடிக்கிற கிக் டிரம் அதில் வரவே வராது. முதலில் ஒரு ஹெட்போன் வாங்கு.

பிளாஸ்ட் பீட்டில் எல்லா அடியும் ஒரே இடைவெளி. அத்தனை வேகத்தில் வேறு வழியும் இல்லை. பழைய ராக் அன் ரோலில் அப்படியில்லை. அந்தக் காலத்து ராக் அன் ரோல் கிதாரிஸ்ட் சக் பெரியின் 1950களின் பதிவுகளைக் கேள். கிதார் நேராக, நம் சதுஸ்ரம் மாதிரி நாலு நாலாக வெட்டிக்கொண்டு போகும். டிரம்ஸ் மூன்று மூன்றாகப் போகும் திஸ்ரத்தின் பக்கம் சாய்ந்து, ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று ஆடிக்கொண்டு வரும். நாலும் இல்லை, மூன்றும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்துதான் 'ரோல்'. அதில் நுழைய வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். வேகம் குறைந்தால் மூர்க்கம் குறையும் என்று உன் டிரம்மர் பயப்படுகிறான். எனக்கும் பன்னிரண்டு வயதில் அந்த எண்ணம் இருந்தது.

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம். பதினெட்டாம் நாள் படுகளம். துரியோதனனை மண்ணால் மலை மாதிரி செய்து தரையில் கிடத்தியிருந்தார்கள். வண்ணம் இன்னும் காயவில்லை, திறந்த கண்ணில் ஈ உட்கார்ந்திருந்தது. நல்ல வெயில். பம்பை அடித்தவர் அம்மாவுக்குத் தூரத்து அண்ணன், எனக்கு மாமா. நான் அவர் இடுப்பை ஒட்டி நின்றேன். தோல் அதிர்வது என் விலாவில் தெரிந்தது. பீமன் வேஷக்காரர் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடியவரை பம்பை பறந்தது. கூட்டம் கத்தியது, சிரித்தது, ஒருவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பீமன் நின்றார். மண் தொடையைப் பார்த்துத் திரும்பினார். இனிமேல்தான் பம்பை பிய்த்துக்கொண்டு போகும் என்று நான் காத்திருந்தேன். மாமா பாதிக்கும் கீழே இறக்கிவிட்டார். வலது கை ஓர் அடி, அப்புறம் ஒரு தாமதம். விழவேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை தள்ளி அடுத்த அடி. ஒவ்வோர் அடிக்கும் பீமன் ஒரு கால் எடுத்து வைத்தார். வேர்க்கடலைக்காரர் கை பாதியில் நின்றது. எனக்கு மூத்திரம் முட்டியது.

சாயங்காலம் கேட்டேன், ஏன் மாமா அங்கே மெதுவா அடிச்சீங்க? வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "பயந்தவன்தான்டா ஓடுவான். கொல்ல வர்றவன் நடந்துதான் வருவான்" என்றார். எச்சிலைத் துப்பிவிட்டு, வாங்கவேண்டிய கூலிப் பாக்கியைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

பல வருடம் கழித்து, பெங்களூரில் நண்பன் அறையில், நகல் எடுத்த கேசட்டில் 'வுல்வரின் புளூஸ்' கேட்டபோது எனக்கு விலாவில்தான் முதலில் தெரிந்தது. ஸ்வீடனுக்கும் பாலக்கோட்டுக்கும் உறவு கட்டுகிறேன் என்று நினைக்காதே. அவர்களுக்கு நம்மைத் தெரியாது, மாமாவுக்கு ஸ்வீடன் எந்தத் திசை என்றும் தெரியாது. உடம்பு ஒன்று, அவ்வளவுதான். 2021 மார்ச்சில் பெட்ரோவ் புற்றுநோயில் போனார், 49 வயது. அன்று ராத்திரி அந்த ஆல்பத்தை முழுக்கப் போட்டேன். வீட்டில் யாரும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

குழுவை உடைப்பதா என்று கேட்டிருந்தாய் இல்லையா. எனக்கென்ன தெரியும்? வருகிற சித்திரையில் பாரதம் வைத்தால் சொல்லி அனுப்புகிறேன், உன் டிரம்மரைக் கூட்டிக்கொண்டு படுகளத்துக்கு வா. அவனைப் பம்பைக்குப் பக்கத்தில் நிற்க வை, ஒன்றும் பேசாதே. அதுவரை மண்டியில் ஒரே ரிஃப்பை, திரும்பத் திரும்ப வருகிற அந்தக் கிதார் வரியை, இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்கள். அவனுடைய வேகத்தில் ஒரு தடவை, பாதி வேகத்தில் ஒரு தடவை. கேட்டு முடிவு சொல்ல மண்டிக்காரரைக் கூப்பிடுங்கள், உங்கள் மாதிரி ஆட்களைக் கூப்பிடாதீர்கள்.

பெடலை வாங்கு. வேலை செய்கிறதா என்று சொருகிப் பார்த்துவிட்டு வாங்கு. வாசிக்காத நாளில் உள்ளே இருக்கிற 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றி வை. என்னுடையதில் ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே விட்டு, கசிந்து, பச்சை பூத்து, ஒன்றுக்கும் ஆகாமல் போயிற்று.