ஷெட்டில் கிடந்த பட்டாளத்து பைக்: அதற்கு மறுபடி உயிர் கொடுத்தவருக்கு என்ன உரிமை?

கேள்வி: நான் இங்கிலாந்தில், லெஸ்டரில் வசிக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு, கணவரை இழந்த ஒரு பாட்டியம்மா வீட்டு ஷெட்டைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே பிஎஸ்ஏ எம்20 என்ற பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று பாதி சுவரில் சாய்ந்தும், பாதி அட்டைப்பெட்டிகளிலுமாகக் கிடந்தது. 1,500 பவுண்டு கொடுத்து வாங்கினேன். அவர் கையெழுத்திட்ட ரசீது இருக்கிறது. வண்டிக்கு வேறு காகிதம் எதுவும் இல்லை. கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டியபோது அடியில் பழுப்பு நிறமும், டேங்க்கில் வெள்ளையில் எழுதிய, 'சி'யில் தொடங்கும் பட்டாள எண்ணும் தெரிந்தன. அன்று முதல் இந்த வண்டிதான் என் இரவும் வார இறுதியும். 4,200 பவுண்டு செலவு செய்து பழைய கோலத்துக்குக் கொண்டுவந்தேன். பழைய வண்டிப் பிரியர்கள் சங்கத்தின் வயதுச் சான்றிதழை வைத்து, வண்டிப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவில் பதிவும் ஆகிவிட்டது. சங்கத்துப் பத்திரிகையில் படமும் பிரேம் எண்ணும் வந்ததைப் பார்த்து இப்போது ஒருவர் வக்கீல் கடிதம் அனுப்பியிருக்கிறார். 1980-களின் கடைசியில் அவருடைய அப்பா, தன் நண்பரான அந்தப் பாட்டியம்மாவின் கணவரிடம், ஷெட்டில் பத்திரமாக வைக்கச் சொல்லி விட்ட வண்டியாம். வண்டியின் பழைய பதிவுப் புத்தகமான லாக் புக் அவரிடம் இருக்கிறது. பிரேம் எண் ஒத்துப்போகிறது, எஞ்சின் எண் ஒத்துப்போகவில்லை. 14 நாளில் ஒப்படைக்க வேண்டும் என்கிறார். அவர் அப்பாவும் இப்போது உயிரோடு இல்லை. கொடுத்துவிடுங்கள், வம்பு வேண்டாம் என்கிறாள் மனைவி. என்ன செய்யட்டும்?

பதில்: அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ஒளித்து வைக்கவோ விற்கவோ நினைக்கவும் வேண்டாம். உங்கள் கையில் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனால் நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் இரண்டு விஷயங்கள் உங்களைக் காப்பாற்றாது. முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சின் எண் ஒத்துப்போகாததை வைத்து, இது அவர்களுடைய வண்டியே இல்லை என்று வாதாடலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அந்த வழியில் போகாதீர்கள். எம்20-இல் பிரேம் எண்ணும் எஞ்சின் எண்ணும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வேறு வேறுதான். அப்புறம் பட்டாளத்துப் பட்டறையில் எந்த எஞ்சின் தயாராக இருந்ததோ அதை எந்த பிரேமிலும் மாட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து அரசு மொத்தமாக விற்றபோது வாங்கிய வியாபாரிகள் பலர் கறுப்பு அடித்து, சிவில் எண் போட்டு விற்றார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ கை மாறியிருக்கும். அதனால் எஞ்சின் மாறியிருப்பது இந்த வண்டிகளில் சாதாரணம். பிரேம் எண் ஒத்துப்போகிறது என்றால், அதே வண்டி என்றுதான் நீதிபதி எடுத்துக்கொள்வார். இதை மறுத்து வாதாடினால் உங்கள் நேர்மையின் மேலேயே சந்தேகம் வரும். நேர்மைதான் இந்த வழக்கில் உங்களுடைய பெரிய பலம்.

அடுத்தது வி5சி, அதாவது டிவிஎல்ஏ கொடுத்த பதிவுச் சான்றிதழ். அது உரிமைப் பத்திரம் இல்லை என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. வண்டியைப் பதிவு செய்து வைத்திருப்பவர் யார் என்று மட்டும்தான் அது சொல்லும். ஆனால் இதே வாதம் எதிர்த்தரப்பின் லாக் புக்குக்கும் பொருந்தும். ஒரு காலத்தில் யார் பெயரில் வண்டி பதிவாகியிருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அப்பா அதை நண்பருக்கு விற்றாரா, கடனுக்கு ஈடாகக் கொடுத்தாரா, சும்மா கொடுத்தாரா என்று அந்தப் புத்தகம் பேசாது.

சரி, அவர் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பத்திரமாக வைக்கக் கொடுத்த பொருள் எத்தனை வருடமானாலும் கொடுத்தவருக்கே சொந்தம். வைத்திருந்தவரின் மனைவி அதை விற்றால், தனக்கு இல்லாத உரிமையை அவரால் உங்களுக்குக் கொடுக்க முடியாது. நீங்கள் நல்ல மனதோடு காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் இதுதான் நிலைமை. கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, காலாவதி ஆகாதா என்று கேட்பீர்கள். 1980-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் கொடுப்பது ஆறு வருடம். ஆனால் அது வண்டியை ஷெட்டில் விட்ட நாளிலிருந்து ஓடாது. திருப்பிக் கேட்டு மறுக்கப்பட்ட நாளிலிருந்தோ, அனுமதியில்லாமல் விற்ற நாளிலிருந்தோதான் ஓடும். விற்று மூன்று வருடம்தான் ஆகிறது.

இதனால்தான் ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் தேட வேண்டும்: அந்த அப்பா எப்போதாவது வண்டியைத் திருப்பிக் கேட்டாரா? உதாரணமாக 1995-இல் கேட்டு, முடியாது என்று நண்பர் சொல்லியிருந்தால், 2001-லேயே அவருடைய உரிமை முற்றிலும் போய்விட்டது. வழக்குப் போடும் உரிமை மட்டும் இல்லை, சொத்துரிமையே போய்விடும். பழைய கடிதம், சண்டை போட்டதை நேரில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் என்று எதுவாக இருந்தாலும் தேடுங்கள். பாட்டியம்மாவிடம் மரியாதையாகப் போய்க் கேளுங்கள். அவர் கணவரோ அவரோ விற்பதற்கு முன்பு, வண்டியை எடுத்துப் போகச் சொல்லி, இல்லாவிட்டால் விற்றுவிடுவோம் என்று பதிவுத் தபால் அனுப்பினார்களா என்றும் கேளுங்கள். 1977-ஆம் ஆண்டு பொருட்களில் குறுக்கீடு பற்றிய சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி முறையாக அறிவிப்புக் கொடுத்து விற்றிருந்தால், உரிமையாளருக்கு எதிராகவே உங்களுக்கு நல்ல உரிமை வந்துவிடும்.

இன்னொன்று. வண்டி அப்பாவுடையது என்றால், அதைக் கேட்கும் அதிகாரம் அவர் சொத்தை நிர்வகிப்பவருக்குத்தான். கடிதம் எழுதிய மகனிடம் உயில் நிர்வாக ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்து, இவரிடம் கொடுத்த பிறகு அவர்களும் வந்து நின்றால் நீங்கள் இரண்டு தடவை மாட்டுவீர்கள்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் உழைப்புக்கு என்ன கணக்கு?

கிரீன்வுட் எதிர் பென்னட் என்று ஒரு வழக்கு, 1972-இல் தீர்ப்பானது. ரிப்பேருக்குக் கொடுத்த ஒரு ஜாகுவார் காரை ரிப்பேர்க்காரரே ஓட்டி மோதிவிட்டு, நொறுங்கிய நிலையில் 75 பவுண்டுக்கு ஒரு கராஜ்காரரிடம் விற்றுவிட்டார். வாங்கியவருக்கு உண்மை தெரியாது. உழைப்பும் உதிரிபாகமுமாக 226 பவுண்டு போட்டு அதைச் சரிசெய்தார். கார் உண்மையான உரிமையாளருக்கே போனது. ஆனால் அந்த 226 பவுண்டைக் கராஜ்காரருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று டென்னிங் பிரபு அடங்கிய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அடுத்தவன் உழைப்பை உரிமையாளர் இலவசமாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை என்பதுதான் அதன் அடிப்படை. இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

ஐந்து வருடத்தில் இதே நியாயம் 1977 சட்டத்தின் 6-ஆம் பிரிவாக வந்தது. தனக்குத்தான் உரிமை என்று நேர்மையாக, தவறுதலாக நம்பி ஒருவர் பொருளை மேம்படுத்தினால், அந்த மேம்பாட்டால் கூடிய மதிப்பை நஷ்டஈட்டுக் கணக்கில் அவருக்குக் கழித்துக் கொடுக்க வேண்டும். கூடிய மதிப்பு என்கிறது சட்டம், செலவழித்த பணம் என்று சொல்லவில்லை. வண்டி இன்று 6,000 பவுண்டு போகும், பெட்டியில் கிடந்த நிலையில் இன்று 1,800 போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சேருவது 4,200. நீங்கள் 7,000 செலவழித்திருந்தாலும் அதே 4,200தான், 2,000 மட்டும் செலவழித்திருந்தாலும் அதே 4,200தான். ராத்திரி ராத்திரியாகச் செலவிட்ட மணி நேரத்துக்குத் தனிக் கூலி கிடையாது. அதனால் நேர்த்தியாகச் செய்த வேலைதான் இங்கே பேசும். பட்டாளத்து வண்டியில் பளபளவென்று குரோம் பூசியிருந்தால் மதிப்பு ஏறாது, இறங்கினாலும் இறங்கும். நீங்கள் பழைய பழுப்பு நிறத்தையும் சி எண்ணையும் அப்படியே மீட்டது நல்லதாகப் போயிற்று.

கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு போல்ட்கூடப் புதிதாக மாட்டாதீர்கள். இனிமேல் செய்கிற வேலையை நேர்மையான நம்பிக்கையில் செய்தேன் என்று உங்களால் சொல்ல முடியாது. கோபத்தில் நீங்கள் வாங்கிப்போட்ட பாகங்களைக் கழற்றி எடுத்துவிடவும் வேண்டாம். சேதமில்லாமல் கழன்று வரும் பாகங்கள் உங்களுடையவை என்று வாதாட இடமுண்டு. அதை நீதிமன்றத்தில் வாதாடலாம், கராஜில் ஸ்பானரோடு வேண்டாம்.

வண்டியையே திருப்பித் தரச் சொல்லித்தான் தீர்ப்பு வரும் என்றும் இல்லை. அப்படி உத்தரவிடுவதா, மதிப்பைப் பணமாகக் கட்டச் சொல்வதா என்பது நீதிபதியின் விருப்புரிமை. அப்பா ஓட்டிய வண்டி, அதற்கு ஈடு கிடையாது என்று மகன் சொல்வார். அந்தப் பாசத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 496 சிசி சைடு வால்வ் எஞ்சின் கொண்ட எம்20, 1937 முதல் 1955 வரை 1,20,000-க்கும் மேல் தயாரான மாடல். இன்றும் சந்தையில் வாங்கலாம். இதை எடுத்துச் சொன்னால், மேம்பாட்டைக் கழித்த மதிப்பை, அதாவது மேலே சொன்ன கணக்கில் 1,800 பவுண்டைக் கட்டிவிட்டு வண்டியை நீங்களே வைத்துக்கொள்ள வழி பிறக்கலாம். கட்டிவிட்டால் அவர்களுடைய உரிமையும் அதோடு முடிந்துவிடும். திருப்பித்தான் தர வேண்டும் என்று உத்தரவானாலும், மேம்பாட்டுப் பணத்தை உங்களுக்குக் கொடுத்த பிறகே ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனை கேட்கலாம்.

பாட்டியம்மாவைப் பற்றி. 1979-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும். வியாபாரி இல்லை, வீட்டில் இருக்கும் சாதாரண மனிதர்தான் என்றாலும் இது பொருந்தும். வண்டி உங்கள் கையைவிட்டுப் போனால் 1,500 பவுண்டையும் அவரிடம் திருப்பிக் கேட்கலாம். சரிசெய்த செலவையும் கேட்கலாம்: 1949-இல் மேசன் எதிர் பர்னிங்ஹம் வழக்கில், திருட்டு டைப்ரைட்டர் என்று தெரியாமல் 20 பவுண்டுக்கு வாங்கியவர், அதை ஓவர்ஹால் செய்த 11 பவுண்டு 10 ஷில்லிங்கையும் சேர்த்தே வாங்கினார். ஒரே நஷ்டத்தை இரண்டு பேரிடம் வசூலிக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். விற்ற அன்று, "யாருடையது என்று எனக்கே தெரியாது, எடுத்துக்கொள்" என்கிற மாதிரி அவர் சொல்லியிருந்தால் இந்த உரிமை வெகுவாகக் குறைந்துவிடும். வயதான ஒருவரை வழக்குக்கு இழுப்பது உங்கள் மனசாட்சிக்கு விட்ட விஷயம். நானாக இருந்தால், அவரை எதிரியாக்காமல் சாட்சியாக்கவே பார்ப்பேன். அவர் கணவர் என்ன சொன்னார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது செய்ய வேண்டியது: ரசீது, உதிரிபாக பில்கள், பெட்டியில் கிடந்தபோது எடுத்த படங்கள், கறுப்பைச் சுரண்டியபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் போடுங்கள். பழைய பட்டாள வண்டிகளை அறிந்த மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அன்றைய நிலை, இன்றைய நிலை இரண்டுக்கும் இன்றைய விலையை எழுத்தில் வாங்குங்கள். 14 நாள் முடிவதற்குள் சுருக்கமாகப் பதில் அனுப்புங்கள். நல்ல நம்பிக்கையில் விலை கொடுத்து வாங்கினேன். வண்டி பத்திரமாக இருக்கிறது, விற்க மாட்டேன். உயில் நிர்வாக ஆணை, லாக் புக் இரண்டின் நகலும், வண்டியைத் திருப்பிக் கேட்டதற்கான விவரங்களும் வேண்டும். 6-ஆம் பிரிவின்படி என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. சமரசப் பேச்சுக்குத் தயார். இவ்வளவு போதும். கோபமாக ஒரு வரியும் வேண்டாம். அதில் மகனை ஒரு நாள் வந்து வண்டியைப் பார்க்கச் சொல்லி அழைத்தாலும் தப்பில்லை. அவர் அப்பாவின் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை நேரில் கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகலாம். அவர் வரும்போது நம்பகமான ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், கராஜ் சாவியை உங்கள் பையிலேயே வையுங்கள்.